எஞ்சியிருந்த பாட்டு

ஐம்பத்தாறு வயதில் ஒருவன் ஓடத் தொடங்கினால் அதற்கு இரண்டு காரணங்கள்தாம் இருக்க முடியும். ஒன்று, பின்னால் நாய் துரத்த வேண்டும். அல்லது இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்க வேண்டும். என்னை ஓட வைத்தது இரண்டாவது.

"நடந்தால் போதும். முடிந்தால் மெதுவாக ஓடுங்கள். ஆனால் அளவு தெரிந்து ஓட வேண்டும்" என்றார் மருத்துவர். அளவை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டேன். அவர் சொன்ன விடை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. "ஓடும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் நீங்கள் ஓடவில்லை, உலாவுகிறீர்கள் என்று பொருள். பேசவே முடியாவிட்டால் வயதுக்கு மீறி ஓடுகிறீர்கள் என்று பொருள்."

அந்த விதியைக் கைக்கொள்வதில் எனக்குச் சிரமம் இருக்காது என்று அன்று நினைத்தேன். ஏனெனில் நான் பாட்டை விட்டு முப்பதாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. பாடுவதை மட்டுமல்ல, கேட்பதையும்.

நெய்வேலியைப் பார்த்திராத வாசகர்களுக்கு ஊரைப் பற்றிச் சில வரிகள் சொல்லிவிடுகிறேன். 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாய் ஒன்று மேலே வந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956ஆம் ஆண்டு நிறுவனம் தோன்றியது. 1957 மே மாதம் பண்டித நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962இல் சோவியத் நாட்டின் துணையோடு கட்டிய அனல் மின் நிலையத்தில் முதல் அலகு ஓடியது. சுரங்கத்துக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் கரியை வெட்ட முடியும். இறைப்பதை நிறுத்தினால் தண்ணீர் தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும். இந்த வேலைகளுக்காகப் பல மாவட்டங்களிலிருந்து வந்தவர்களுக்கென்று செம்மண் காட்டிலும் முந்திரித் தோப்பிலும் வட்டம் வட்டமாக ஒரு நகரியம் எழுந்தது. அகலமான சாலைகள், இருபுறமும் நிழல் மரங்கள், ஒரே அச்சில் வார்த்தது போன்ற வீடுகள். இங்கே வசிப்பவர்களில் பெரும்பாலோருக்கு இது சொந்த ஊர் அன்று. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்துவிட்டுப் புறப்பட வேண்டியதுதான்.

என் வாப்பா அப்படி வந்தவர்களுள் ஒருவர். பறங்கிப்பேட்டையில் பிறந்து, 1962ஆம் ஆண்டு மின் நிலையத்தில் எலெக்ட்ரீஷியனாகச் சேர்ந்தார்கள். மஹ்மூது பந்தர் என்று பழைய ஆவணங்கள் சொல்லும் ஊர் அது. உமறுப் புலவரை ஆதரித்துச் சீறாப்புராணம் அரங்கேறத் துணை நின்ற அபுல் காசிம் மரைக்காயரின் ஊர். இதை வாப்பா யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. "ஐயாயிரத்து இருபத்தேழு பாட்டு! அதற்குச் சோறு போட்ட ஊருக்காரன் நான்" என்பார்கள், தாமே சோறு போட்டதைப் போல. ஆனால் அந்த ஐயாயிரத்தில் ஐந்து பாட்டுக்கூட வாப்பாவுக்கு மனப்பாடம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாப்பாவுக்கு மனப்பாடமாக இருந்தவை எல்லாம் நாகூர் ஹனீபாவின் பாடல்களே.

வாப்பாவிடம் முப்பத்தொரு ஒலிநாடாக்கள் இருந்தன. ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் அடுக்கி, ஈரம் ஏறாமலிருக்க அடியில் செய்தித்தாள் விரித்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அவற்றை எடுத்து ஒருமுறை முழுதாகச் சுற்றி வைப்பார்கள். நாடாவில் பூசணம் பிடிக்காமலிருக்க அது வழி என்று மின் நிலையத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். பெரும்பாலானவை ஹனீபா அவர்கள் பாடியவை. காயல் ஷேக் முகமது பாடியவை சில இருந்தன. மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்த இரட்டை ஒலிநாடாப் பெட்டி எங்கள் குவார்ட்டர்ஸின் முன்னறையில் ஒரு ஸ்டூல் மேல் வீற்றிருக்கும். அதற்கு உம்மா தைத்த பூப்போட்ட உறை.

இன்றைய இளைஞர்களுக்கு ஹனீபா யார் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. 1925ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று பிறந்தவர். நாகூரில் சிறுவனாக இருக்கும்போதே பைத்து சபையில் சேர்ந்து திருமண ஊர்வலங்களில் பாடத் தொடங்கியவர். திராவிட இயக்கத்தின் மேடைகளில் அவர் பாடிய பிறகே தலைவர்கள் பேச எழுவார்கள். ஒலிபெருக்கி இல்லாவிட்டாலும் கூட்டத்தின் கடைசி ஆளுக்குக் கேட்கும் குரல். 'பாவ மன்னிப்பு' படத்தில் டி.எம்.சௌந்தரராஜனோடு சேர்ந்தும், 'செம்பருத்தி' படத்தில் இளையராஜாவின் இசையிலும் பாடியிருக்கிறார். ஆனாலும் நம் வீடுகளுக்கு அவர் திரைப்படத்தின் வழியாக வரவில்லை. நிக்காஹ் வீட்டுப் பந்தலின் கூம்பு ஒலிபெருக்கி வழியாகவும் இலங்கை வானொலி வழியாகவும் வந்தார். பந்தற்கால் நட்டதும் அவர் குரல் எழும். அதைக் கேட்டபின்தான் தெருவுக்கே கல்யாணக் களை வரும்.

எங்கள் வீட்டில் அவர் குரல் ஞாயிற்றுக்கிழமைக் குரல். வாப்பா பாடலைப் போட்டுவிட்டுச் சைக்கிளைக் கழுவுவார்கள். ஈரத்துணியால் கம்பிகளைத் துடைத்துக்கொண்டே, தஃபின் தாளத்துக்குப் பெடலைச் சுற்றி விடுவார்கள். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் திருநெல்வேலிக் குடும்பம். அந்த வீட்டம்மா பிள்ளைகளுக்குத் தேர்வு என்றால் வேலியருகே வந்து நின்று, "பாய், அந்தக் கையேந்தச் சொல்ற பாட்டைக் கொஞ்சம் போடுங்களேன்" என்பார். எந்தப் பாட்டு என்பது உங்களுக்குத் தெரியும். வாப்பா பெட்டியைச் சன்னலோரம் திருப்பி வைத்து ஒலியைக் கூட்டுவார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் விபூதியோடு நின்று அதைக் கேட்டுவிட்டுத் தேர்வுக்குப் போவார்கள்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

1989ஆம் ஆண்டு நானும் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த ஆண்டுகளில் நம் ஊர்களில் நடந்த மாற்றம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மார்க்கத்தை நூல்களிலிருந்து நேராகக் கற்க வேண்டும் என்னும் விழிப்பு இளைஞர்களிடையே பரவிய காலம். பயான்கள் ஒலிநாடாவில் கைமாறி வந்தன. எனக்கும் அந்த ஆர்வம் வந்தது. தொழுகையில் ஒழுங்கு வந்தது, பீடியை விட்டேன், குர்ஆனைப் பொருளோடு ஓதக் கற்றேன். அந்த நன்மைகளை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். அவற்றோடு சேர்ந்து, இருபத்து நான்கு வயதுக்கே உரிய ஒரு கடுமையும் வந்தது. இசை கூடாது என்று கேட்டேன். கேட்டதைப் பின்பற்றினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

1992ஆம் ஆண்டு வாப்பாவுக்கு ஒரு வாரம் இரவு ஷிப்ட். அவர்கள் ஒன்பது மணிக்கு மேல் சைக்கிளை எடுத்ததும் நான் பிஸ்கட் டின்னைத் திறப்பேன். கடையில் வாங்கிய ஒலிநாடாவின் விளிம்பில் இரண்டு சிறு பள்ளங்கள் இருக்கும். தவறியும் அதன் மேல் வேறொன்றைப் பதிந்துவிடக் கூடாது என்பதற்காக அங்கிருக்கும் தகட்டை உடைத்திருப்பார்கள். அந்தப் பள்ளத்தின் மேல் செல்லோ டேப்பை ஒட்டிவிட்டால் பெட்டி ஏமாந்துவிடும், பதியத் தொடங்கும். நண்பரிடம் இரவல் வாங்கிய பயான்களை ஒரு பக்கத்தில் போட்டு, வாப்பாவின் ஒலிநாடாக்களை மறு பக்கத்தில் போட்டு, விரைவுப் பதிவுப் பொத்தானை அழுத்துவேன். இருமடங்கு வேகத்தில் ஓடும்போது பயான் குருவிகள் கத்துவது போல் கேட்கும். இரவுக்கு ஐந்தாறு வீதம் அந்த வாரத்துக்குள் முப்பத்தொன்றும் முடிந்தன. உம்மா சமையலறை வாசலில் நின்று ஒருநாள் பார்த்தார்கள். "வாப்பாகிட்டே கேட்டியா?" என்று மட்டும் கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சாப்பிட்டு, பாயை விரித்துக்கொண்டு வாப்பா ஒரு நாடாவைப் போட்டார்கள். பயான். அதை எடுத்துவிட்டு இன்னொன்று. பயான். மூன்றாவதை உடனே போடவில்லை. கையில் எடுத்து விளிம்பைப் பார்த்தார்கள். நான் ஒட்டியிருந்த செல்லோ டேப்பின் மேல் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்கள். பிறகு அதையும் போட்டு, சற்று நேரம் கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பாமலே, "நல்ல பயான் வாப்பா" என்றார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் மகனையும் வாப்பா என்றே அழைப்பார்கள்.

அவ்வளவுதான். அதன்பின் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. இரண்டு மாதம் கழித்துப் பக்கத்து வீட்டம்மா வேலியருகே வந்து, "என்ன பாய், இப்பல்லாம் பாட்டே காணோமே?" என்று கேட்டார். வாப்பா சைக்கிளைத் துடைத்துக்கொண்டே, "டேப்பு கெட்டுப் போச்சும்மா" என்றார்கள். நான் உள்ளே இருந்து கேட்டேன். என் வாப்பா பொய் சொல்லி நான் கேட்டது வாழ்நாளில் அந்த ஒருமுறைதான்.

இசை கூடுமா கூடாதா என்னும் விவாதத்தை இந்தப் பக்கத்தில் நான் திறக்கப் போவதில்லை. அதற்குத் தகுதியும் எனக்கில்லை. பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் இரு சிறுமியர் பாடிக்கொண்டிருந்ததையும், அபூபக்ர் (ரலி) அவர்கள் அதட்டியபோது அவர்களை விட்டுவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதையும் புகாரியில் காண்கிறோம். இசைக் கருவிகளைப் பற்றிய எச்சரிக்கையையும் அதே புகாரியில் காண்கிறோம். அறிஞர்கள் இரண்டையும் வைத்துப் பேசியிருக்கிறார்கள், பேசட்டும். என் வழக்கு அதுவன்று. நான் கேட்ட பயான்கள் எவற்றிலும், வாப்பா இல்லாத நேரம் பார்த்து அவருடைய பெட்டியைத் திற என்று எந்த ஆலிமும் சொல்லவில்லை. அது என் சொந்தக் கண்டுபிடிப்பு. ஒருவர் தம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்த முப்பத்தொரு பொருள்களை, கேளாமல், இருட்டில், கெடுத்தேன். அதற்கு மார்க்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு மூன்று நாள் பெருமையாகத் திரிந்தேன்.

இன்னும் ஒன்று. இரவல் ஒலிநாடாவை விட வாப்பாவின் நாடாக்கள் சற்று நீளமானவை. ஆகவே பயான் முடிந்தபின்னும் ஓரத்தில் சிறிது எஞ்சும். பெரும்பாலானவற்றில் எஞ்சியது வெறும் இரைச்சல். ஒன்றில் மட்டும், முக்கால் நிமிடம் இருக்கும், ஒரு பாட்டின் வால் தப்பிப் பிழைத்துவிட்டது. உரை துஆவோடு முடியும். ஒரு 'டக்' ஓசை. பிறகு திடீரென்று ஹனீபாவின் குரல், பாதிச் சொல்லிலிருந்து எழுந்து, உச்சிக்குப் போய், இறங்கி, தஃப் இரண்டு முறை தட்டி ஓயும். அதையும் அழித்துவிட வேண்டும் என்று நினைத்ததுண்டு. சோம்பலால் விட்டுவிட்டேன்.

வாப்பா அந்த நாடாவைத்தான் அடிக்கடி போட்டார்கள். ஒரு மணி நேரப் பயானையும் பொறுமையாகக் கேட்பார்கள். பார்த்த எனக்கு உள்ளம் குளிர்ந்தது. "எங்கள் வாப்பாவே மாறிவிட்டார்கள்" என்று நண்பர்களிடம் சொன்னேன்.

1993இல் வாப்பா ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, பிஸ்கட் டின்னோடு பறங்கிப்பேட்டைக்குப் போய்விட்டார்கள். 2009ஆம் ஆண்டு வபாத்தானார்கள். அல்லாஹ் அவர்களுடைய கப்றை விசாலமாக்குவானாக. 2015 ஏப்ரல் 8 அன்று ஹனீபா அவர்களும் சென்னையில் மறைந்தார்கள். செய்தியைப் பார்த்தேன், இன்னாலில்லாஹி சொன்னேன், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதால் கிளம்பிவிட்டேன். என் பிள்ளைகள் பாட்டில்லாத வீட்டிலேயே வளர்ந்தார்கள்.

ஓட்டத்துக்கு வருகிறேன்.

பஜ்ருத் தொழுகையை நகரியப் பள்ளியில் முடித்துக்கொண்டு, தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, அங்கிருந்தே தொடங்குவேன். முதலில் நடை, பிறகு ஓட்டம். ஓட்டம் என்று சொல்வதெல்லாம் ஒரு பெருமைக்குத்தான். சைக்கிளில் பால் கொண்டு வருபவர் என்னைக் கடந்து போய்விடுவார். தை, மாசி மாதங்களில் முந்திரி பூத்திருக்கும். காற்றில் ஒரு துவர்ப்பு வாசம் வரும். தூரத்தில் சுரங்கத்தின் கன்வேயர் இரைச்சல் கேட்கும். வாப்பா வேலை பார்த்த மின் நிலையத்தின் திசையில் மட்டும் அமைதி. 1962இல் ஓடத் தொடங்கிய அந்த நிலையம் 2020ஆம் ஆண்டு முழுவதுமாக நிறுத்தப்பட்டுவிட்டது. சிறுவயதில் அந்த இரைச்சலைத் தாலாட்டாகக் கேட்டு உறங்கியவர்கள் நாங்கள். இல்லாமல் போன ஒரு சத்தத்தைக் காலையில் தனியாக ஓடும்போதுதான் உணர முடிகிறது.

எனக்கு எல்லை ஆர்ச் கேட். சென்னைக்கும் கும்பகோணத்துக்கும் போகும் பேருந்துகள் நிற்குமிடம். அங்கே விடியுமுன்பே திறந்துவிடும் டீக்கடைகள் உண்டு. நம் தமிழ்நாட்டு டீக்கடைக்கென்று ஓர் ஒழுங்கு இருப்பதை எல்லாரும் அறிவார்கள். முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாட்டு ஒன்று. அடுத்து முருகன் பாட்டு ஒன்று. அதன்பின் ஹனீபா. அதற்கும் பின்னால் ஒரு கிறிஸ்தவப் பாட்டு. எந்த அரசும் சட்டம் போடாமல், எந்த நல்லிணக்கக் குழுவும் கூடிப் பேசாமல், பால் கொதிக்கும் நேரத்துக்குள் கடைக்காரரே நடத்தி முடித்துவிடும் ஏற்பாடு இது. நான் வழக்கமாக முருகன் பாட்டின்போதே திரும்பிவிடுவேன்.

அன்று மூச்சு வாங்கியது. கடையோரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஹனீபா தொடங்கினார்.

எனக்கு அடையாளம் தெரியவில்லை. பாட்டின் தொடக்கத்தைக் கேட்டு முப்பதாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதல்லவா? குரல் தெரிந்தது, பாட்டு தெரியவில்லை. யாரோ உறவினர் வாசலில் வந்து நின்று, பெயர் நினைவுக்கு வராததைப் போன்ற ஒரு தவிப்பு. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. கடைசி அடி வந்தது. பாதிச் சொல் கடந்ததும் குரல் எழுந்து உச்சிக்குப் போயிற்று. அப்போது என் தொடையின் மேல் கிடந்த கை தானாக எழுந்து, தஃப் தட்ட வேண்டிய இடத்தில் இரண்டு முறை தட்டியது. டக்கென்று எனக்கு விளங்கிவிட்டது. அந்த முக்கால் நிமிடம் இந்தப் பாட்டினுடையதே. நான் தெரியாமல் விட்டு வைத்த வாலின் உடல் இவ்வளவு நேரம் என் எதிரே ஓடியிருக்கிறது.

கிறிஸ்தவப் பாட்டு தொடங்கியது. "டீ போடட்டுமா பாய்?" என்று கடைக்காரர் கேட்டார். "சர்க்கரை இல்லாமல்" என்று சொல்ல வாயெடுத்தேன், குரல் வரவில்லை. தலையை ஆட்டினேன். அவர் சர்க்கரை போட்டே கொடுத்துவிட்டார். குடித்தேன்.

பாட்டின் பெயரை எழுதாமல் விடுகிறேன். எழுதினால் உங்கள் வீட்டில் யாராவது முழுதாகப் பாடிவிடுவார்கள். எனக்கு அது இன்னும் சற்று நாள் அந்தப் பெஞ்சிலேயே இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்து மகளிடம், போனில் பாட்டுக் கேட்பது எப்படி என்று விசாரித்தேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நீங்களா வாப்பா? எந்தப் பாட்டு?" என்றாள். சொன்னேன். நான் நாட்கணக்கில் தேட வேண்டியிருக்கும் என்று நினைத்ததை அவள் ஒரு நிமிடத்தில் எடுத்துத் தந்தாள். முப்பத்தொரு ஒலிநாடாவில் இருந்தவையும் அதற்கு மேலும் அங்கே வரிசையாக நின்றன. நான் அழித்தது உலகத்தில் எங்கேயும் அழியவில்லை. எங்கள் வீட்டில் மட்டுமே அழிந்திருந்தது.

மறுநாளிலிருந்து ஒரு காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஓடினேன். மறு காது பேருந்துகளுக்கு. எல்லாப் பாட்டும் ஓட்டத்துக்கு ஒத்துவராது என்பதையும் கற்றுக்கொண்டேன். இரங்கிப் பாடும் பாடல்களுக்குக் கால் பின்தங்கும். தஃப் முன்னால் நிற்கும் பாடல்களுக்கு, நான் ஒன்றும் செய்யாமலேயே, அடிகள் தாளத்தில் விழும்; சைக்கிள் பெடல் ஒன்று எங்கோ சுற்றுவது போலிருக்கும். வியப்பு என்னவென்றால், கேட்காத இத்தனை ஆண்டுகளிலும் அடுத்த அடி என்ன என்பது எனக்குத் தெரிந்திருந்தது. வாய் முந்திக்கொண்டது. ஆனால் ஹனீபா பிடிக்கும் அந்த நீண்ட இழுவையை ஓடுகிறவன் பிடிக்க முடியாது. பாதியில் மூச்சு அறுந்துவிடும். மருத்துவர் சொன்ன அளவுகோலுக்கு இதைவிடச் சரியான கருவி கிடைக்காது. பாட முயன்று தோற்றால் சரியாக ஓடுகிறேன் என்று பொருள்.

அந்த வாரக் கடைசியில் பேருந்து மாறிப் பறங்கிப்பேட்டைக்குப் போனேன். உம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது. கண் சற்று மங்கல், காது கூர்மை. அசருக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். 1992ஆம் ஆண்டிலிருந்து தொடங்கிச் சொன்னேன். உம்மாவுக்குத் தெரியாதது எதுவுமில்லை என்றாலும் என் வாயால் ஒருமுறை சொல்ல வேண்டியிருந்தது. "வாப்பாவிடம் மன்னிப்புக் கேட்காமலே விட்டுவிட்டேன் உம்மா" என்றேன். "அந்தப் பயானையாவது விரும்பிக் கேட்டார்கள். அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்" என்றும் சொன்னேன்.

உம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "பயானை எங்கே கேட்டாக? அது முடியட்டும்னு காத்துக் கிடந்தாக" என்றார்கள்.

வாப்பாவுக்கு அந்தப் பொத்தானை அழுத்தி நாடாவை முன்னால் ஓட்டத் தெரியாதா என்று கேட்டேன். மின் நிலையத்தில் முப்பதாண்டு வேலை பார்த்தவராயிற்றே.

"தெரியாம என்ன? நான்கூடச் சொன்னேன், ஓட்டிவிட்டுக் கேக்கலாமேன்னு. 'புள்ள பதிஞ்சு வச்சிருக்கான், அத ஓட்டிவிடக் கூடாது'ன்னாக."

நான் போனை எடுத்து அந்தப் பாட்டைப் போட்டு உம்மாவின் கையில் கொடுத்தேன். அவர்கள் அதை வலக் காதோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார்கள். தெருவில் மீன்காரரின் மணிச் சத்தம் போயிற்று. பாட்டின் முதல் பாதியில் உம்மாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு நேர்ந்தது போலவே அவர்களும் அதன் தொடக்கத்தை மறந்திருந்தார்கள். பல ஆண்டுகள் அவர்களும் அந்த முக்கால் நிமிடத்தையே கேட்டிருக்கிறார்கள். கடைசி அடி வந்தபோது, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், வாப்பா வரும் சைக்கிள் மணி கேட்டால் உட்காருவதைப் போல. பாட்டு ஓய்ந்தது. போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"இதுக்கு முன்னாடி இவ்வளவு இருக்கா?" என்றார்கள். "இன்னொரு தடவை போடு. முதல்லேருந்து."